ஆவிக் குழாயில் தெரிந்த வெளிச்சம்

என் கணவர் பிரான்சிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் துணிமணிகளும் ஒரு தடித்த புத்தகமும். இன்னொன்றில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயும், அதனுள் பொருத்த இரண்டு பித்தளைப் பட்டைகளும், கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்த இரண்டு படிகக் கட்டைகளும் இருந்தன. நான்கு வருடம் கழித்து வந்த மகன் அம்மாவுக்கு என்ன கொண்டுவந்தான் என்று பார்க்க என் மாமியார் முதலில் திறந்தது இந்தப் பெட்டியைத்தான். குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவர் கப்பலேறினார். அப்போது எனக்குப் பதினாறு வயது. வில்லியனூரில் எங்கள் வீட்டார் நெல்லும் கரும்பும் பயிரிட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கடல் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் அவர்தான். அங்கே ஒரு பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். வேலை பாதியில் இருக்கும்போது குளிர் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு குளிர்காலம் தாங்காது, வெயில் உள்ள ஊருக்குப் போ என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேராசிரியர் மனசு கேட்காமல் கருவிகளில் சிலவற்றைக் கொடுத்து, முடிந்தால் அங்கிருந்தே அளந்து எழுது என்று அனுப்பி வைத்தாராம்.

என்ன அளக்கிறார் என்று நான் கேட்டேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நான் முதல் பரீட்சை வரை தேறியிருந்தேன். அந்த மொழி எனக்கு ஓரளவு வாசிக்க வரும். அதனால் அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். வாயு என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு துணுக்குகளின் கூட்டம். ஒவ்வொரு துணுக்கும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டு கிடக்கும். இரண்டு பித்தளைப் பட்டைகளுக்கு நடுவே அந்த வாயுவை வைத்துப் பலமான மின்சாரத்தை ஏற்றினால், துணுக்குகள் கொஞ்சமே கொஞ்சம் ஒரே பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அப்போது அந்த வாயு வழியாகப் போகிற ஒளியின் நடை மாறும். வாயுவைச் சூடாக்கினால் துணுக்குகள் அதிகமாக முட்டி மோதும், ஒழுங்கு குலையும், அதனால் ஒளியில் வரும் மாற்றமும் குறைய வேண்டும். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி.

“அத எப்படிப் பாக்கறது?” என்றேன்.

அதற்குத்தான் படிகக் கட்டைகள். ஒன்றை ஒளியின் முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்துக் குறுக்காகத் திருப்பினால் கண்ணுக்கு முழு இருட்டுத் தெரியும். நடுவில் உள்ள வாயு ஒளியின் நடையை மாற்றினால் மட்டும் அந்த இருட்டில் ஒரு சாம்பல் நிறம் கசியும்.

வீட்டுக்குள் இடமில்லை. பின்கட்டைத் தாண்டி, வெல்லம் காய்ச்சுகிற பருவத்தில் மட்டும் பயன்படும் ஒரு கொட்டகை இருந்தது. அதை மெழுகி, சுவரிலிருந்த இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தோம். தெற்குச் சுவரில் ஒரு துளை. வெளியே ஒரு கம்பத்தில் கண்ணாடியைக் கட்டி, அதன் வழியாக வெயிலை உள்ளே திருப்பினார். எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. அதனால் பட்டணத்தில் பழைய சாமான் விற்ற ஒரு வீட்டிலிருந்து, சுற்றினால் மின்சாரம் தரும் ஒரு கைச்சக்கரம் வாங்கிவந்தார். இரண்டு கறுப்புத் தட்டுகள், மேலே வெள்ளீயத் தாள் துண்டுகள் ஒட்டியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் தட்டுகள் எதிரெதிராகச் சுழலும். இரண்டு குமிழ்களுக்கு நடுவே நீலப் பொறி பறக்கும்.

சுற்றுவதற்கு எங்கள் பண்ணையில் வேலை செய்த ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஏற்றம் இறைத்துப் பழகிய கைகள். ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினாலும் மாறாது. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், சேரியில் வீடு. எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததில்லை, வரவும் விட்டதில்லை. கொட்டகை வெளியே இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாளில் இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் தட்டுகளில் மின்சாரம் நிற்கவே இல்லை. கணவர் தட்டுகளைத் துணியால் துடைப்பார், கரியடுப்பில் காட்டிச் சூடேற்றுவார், மறுபடி சுற்றச் சொல்வார்.

“சின்னய்யா, இது இன்னிக்கிப் பேசாது. மேலக்காத்து வரட்டும்,” என்பார் சுற்றுகிறவர்.

அவர் சொன்னதுபோல் மாசி கடந்து மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்த பிறகுதான் பொறி நன்றாகப் பறந்தது. அதுவும் காலை பத்து மணியிலிருந்து கடல்காற்று ஏறுகிற வரைக்கும்தான்.

பார்க்கிற வேலை எனக்கு வந்தது தற்செயலாக. குழாயின் முனையில் கண்ணை வைத்து அசையாமல் உட்கார வேண்டும். தலைமேல் கறுப்புத் துணி. இருட்டுக்குக் கண் பழகவே அரை மணி ஆகும். கணவருக்கு நடுவில் இருமல் வந்துவிடும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. மூன்று நாள் இப்படிப் போன பிறகு, “நா பாக்கட்டுமா?” என்று கேட்டேன். அவர் முக்காலியை விட்டு எழுந்தார்.

அந்த இருட்டு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என்னைத் தனியாக உட்கார விட்டதில்லை. அங்கே துணிக்குள் நானும் கறுப்பு வட்டமும் மட்டும். பக்கத்தில் சக்கரம் சுழல்கிற ஓசை, தண்ணீர் கொதிப்பதுபோலச் சீறும். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வட்டத்தின் நடுவில், விடியப்போகிற வானம் போல, லேசாக ஏதோ வந்தது.

“வந்துது,” என்றேன்.

“இன்னா வந்துது? சரியா சொல்லு.”

“சாம்பல். ரொம்ப லேசு.”

சுற்றுவதை நிறுத்தச் சொன்னார். “இப்போ?”

“போச்சு.”

அவர் பென்சிலால் எழுதுகிற சத்தம் கேட்டது.

குழாயில் நிரப்பியது கரியமில வாயு. சுண்ணாம்புக் கல்லின் மேல் அமிலம் ஊற்றி நாங்களே தயாரித்தது. அடுத்தது அதைச் சூடாக்க வேண்டும். கரியடுப்பு வைத்தால் ஒரு பக்கம் கொதிக்கிறது, மறுபக்கம் ஆறிக்கிடக்கிறது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நெல் அவிக்கிற அண்டாவை நான்தான் காட்டினேன். கொதிக்கிற தண்ணீரின் ஆவி எப்போதும் ஒரே சூடு. தகரத்தில் ஒரு உறை செய்து குழாயைச் சுற்றிலும் ஆவியை ஓடவிட்டால் போதாதா? அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உடனே தகரக்காரரைத் தேடிப் போய்விட்டார்.

மாமியார்தான் சண்டைக்கு வந்தார். “நெல்லு அவிக்கிற அண்டாவுல இன்னா பண்றீங்க? அவன் படிச்சுட்டு வந்து உன்னையும் கெடுத்துட்டான்.” ஆனாலும் அண்டாவைத் தந்தார். அவருக்குத் தன் மகன் எதையாவது ஆசையோடு செய்கிறான் என்பதே போதுமாக இருந்தது.

ஒரு தொல்லை இருந்தது. குழாயின் இரு முனைகளையும் சதுரக் கண்ணாடித் தகடுகளால் மூடி, அரக்கு வைத்து ஒட்டியிருந்தோம். ஆவி வந்ததும் அரக்கு இளகியது. ஈரத்துணியை முனைகளில் சுற்றிவிடலாம் என்று சொன்னதும் நான்தான். துணி சுற்றியதும் அரக்கு நின்றது.

ஆவி விட்டுச் சக்கரம் சுற்றிய அன்று வட்டத்தில் சாம்பல் வந்தது. முன்பு பார்த்ததைவிட மூன்று மடங்கு பளிச்சென்று வந்தது. நான் சொன்னதும் கணவர் நம்பவில்லை. என்னை எழுப்பிவிட்டு இருமலோடு தானே உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. சூட்டில் குறைய வேண்டியது கூடியிருக்கிறது. புத்தகத்தில் இருப்பதற்கு நேர் எதிர்.

“யாரும் பாக்காதது,” என்றார். “புரியுதா? இத இதுக்கு முன்ன யாரும் பாக்கல.”

ஒரு வாரம் அவர் இருமலை மறந்தார். பேராசிரியருக்குப் பத்துப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். சுத்தமாகப் படியெடுக்கும் வேலை எனக்கு. படியெடுக்கும்போது ஒரு வரியில் என் பேனா நின்றது. ‘வெளிச்சம் தோன்றியதை நான் கண்டேன்’ என்று தன்னைச் சொல்லி அவர் எழுதியிருந்தார். அவரும் பார்த்தார்தான், ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் முக்காலியில் உட்கார்ந்தது நான். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

வேறொன்றும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

“சக்கரத்த நிறுத்தின பிறகும் வெளிச்சம் கொஞ்ச நேரம் இருந்துச்சுங்க. மொத தடவை அப்படி இல்ல. நிறுத்தின உடனே போச்சு.”

“அது கண்ணுல தங்கற வெளிச்சம். வெளக்கப் பாத்துட்டுக் கண்ண மூடினா தெரியல? அது மாதிரி.”

“வெளக்கப் பாத்தா தெரியறது நிறம் மாறித் தெரியும். இது அப்படியே நின்னுச்சு.”

“இத்தினி வருஷம் நா படிச்சது இதத்தான்,” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது. கடிதம் மறுநாள் கப்பலுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் நெஞ்சைக் காட்டுவதற்காக அவர் பட்டண ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு நாள் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது. மேலக்காற்று. நான் அண்டாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினேன். சுற்றுகிறவருக்கு ஆள் அனுப்பினேன். புருஷன் இல்லாதபோது மருமகள் கொட்டகையில் ஒரு ஆம்பிளையோடு என்ன செய்கிறாள் என்று தெருவில் பேச்சு வரக்கூடாது என்று மாமியார் முறத்தில் மொச்சையைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

“கம்பத்துக் கண்ணாடியத் திருப்பிக் குடுங்க. சக்கரம் வேணாம்,” என்று சுற்றுகிறவரிடம் சொன்னேன். அவரிடம் ‘குடுங்க’ என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மொச்சையை உரித்தார்.

“சக்கரம் சுத்தாம இன்னாம்மா தெரியும்?” என்று கேட்டார் சுற்றுகிறவர்.

“அதத்தான் பாக்கணும்.”

துணிக்குள் கண்ணைப் பழக்கிக்கொண்டேன். கறுப்பு வட்டம். ஆவியைத் திறந்துவிடச் சொன்னேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறு எண்ணுவதற்குள் வட்டத்தின் ஓரத்தில் சாம்பல் எட்டிப் பார்த்தது. பிறகு நடுவுக்கு வந்தது. மின்சாரமே இல்லை. தட்டுகள் சும்மா நின்றன. வெளிச்சம் மட்டும் நாங்கள் பத்துப் பக்கத்துக்கு எழுதிய அதே வெளிச்சமாக இருந்தது.

கையை நீட்டி, முனையில் சுற்றியிருந்த ஈரத்துணியை அவிழ்த்தேன். வெளிச்சம் நகர்ந்தது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்து மறுபடி சுற்றினேன். சாம்பல் நான்காகப் பிளந்து நடுவில் கறுப்புச் சிலுவை போல ஒன்று தெரிந்தது. கண்ணாடித் தகடுதான். ஒரு பக்கம் ஆவியின் சூடு, ஓரத்தில் என் ஈரத்துணியின் குளிர். நடுவில் அகப்பட்ட கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒளியின் நடையைத் தானே மாற்றியிருக்கிறது. வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

துணியை ஒதுக்கிவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன்.

“அத்தை, இதுல கண்ண வெச்சு இன்னா தெரியுதுன்னு சொல்லுங்க. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் மொச்சைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். “பனி எறங்கின மாதிரி கீது. நடுவுல கறுப்பா கோடு,” என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நல்லதா கெட்டதா?” என்று கேட்டார்.

“தெரியல அத்தை.”

மூன்றாம் நாள் கணவர் வந்தார். சாப்பாடு முடிந்த பிறகு சொன்னேன். கடைசி வரை கேட்டார். “அம்மாவும் பாத்தாங்க” என்றபோது மட்டும் நிமிர்ந்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. கஞ்சி வைத்தால் பாதியில் கை கழுவினார். எனக்கு அழுகை வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அந்த ஒரு வாரச் சந்தோஷத்தில் அவர் உடம்பு தேறியதை நான் கண்ணால் பார்த்தேனே.

அதற்கடுத்த நாள் காலையில் கொட்டகையிலிருந்து புகை வந்தது. போய்ப் பார்த்தால் அவரே அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தைத் தொடாமல் ஆவி விட்டுப் பார்த்தார். துணியை அவிழ்த்தார், சுற்றினார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

“இது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான்,” என்றார். “அங்க மொத வருஷத்துலயே சொல்லிக் குடுத்தாங்க. கண்ணாடிய நம்பாதேன்னு. தெரிஞ்சும் நா பாக்கல. பாக்க இஷ்டமில்ல.”

“ஈரத்துணி சுத்தச் சொன்னது நாந்தானே.”

“துணி சுத்தினது தப்பில்ல. நீ சொன்னத நா கேக்காதது தப்பு.”

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினார். ஒரே பக்கம். இதையும் நான்தான் படியெடுத்தேன். முன்பு எழுதியது பிழை, வெளிச்சம் கண்ணாடியின் முறுக்கால் வந்தது, இதைக் கண்டுபிடித்தது என் மனைவி, முந்தைய கடிதத்தில் நான் கண்டதாக எழுதிய நாட்களிலும் பார்த்தது அவளே. இப்படி இருந்தது. அந்த வரியில் என் பேனா மறுபடியும் நின்றது. “இது எதுக்கு?” என்று கேட்டேன். “எழுதும்மா,” என்றார்.

பித்தளைப் பாத்திரம் செய்கிறவரிடம் இரண்டு முழ நீளத்துக்குக் குழாய்கள் செய்து வாங்கி இரு முனைகளிலும் நீட்டினோம். இனி கண்ணாடித் தகடுகள் சூட்டிலிருந்து தள்ளி நின்றன. ஈரத்துணி தேவைப்படவில்லை. ஆவி விட்டாலும் வட்டம் கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டது வேடிக்கைதான்.

ஆனால் மிஞ்சியது மிகச் சிறியது. ஆறிய குழாயில் சக்கரம் சுற்றும்போது வருகிற அந்த முதல் சாம்பல், இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. நிஜமாகவே பார்க்கிறேனா, பார்க்க ஆசைப்படுகிறேனா என்று எனக்கே சந்தேகம். அப்போது கணவர் ஒரு வழி சொன்னார். சக்கரம் எப்போதும் சுழலும். அதிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பியைக் குழாயில் மாட்டுவதும் மாட்டாமல் விடுவதும் அவர் இஷ்டம், பாய் மறைவில். நான் வெளிச்சம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும்.

பத்துத் தடவையும் சரியாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

“கம்பி மாட்டினா சக்கரத்தோட சத்தம் மாறுதுங்க. காதாலயே தெரிஞ்சிடுது.”

சுற்றுகிறவர் சிரித்தார். “ஆமா சின்னய்யா, கைக்கும் தெரியுது. கொஞ்சம் கனமா இருக்கும்.”

அதனால் என் காதில் பஞ்சு அடைத்து மேலே துணி கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் மாமியார் என் தோளைத் தட்டுவார், நான் பதில் சொல்வேன். சித்திரை வெயிலில், தலையில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு, பக்கத்தில் கொதிக்கிற அண்டா. நான்கு நாள் இப்படிச் செய்தோம். ஆறிய குழாயில் பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருந்தேன். ஆவி விட்ட குழாயில் பாதி சரி, பாதி தப்பு. அதாவது சூட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, குருட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறேன்.

“இதுக்கு இன்னா அர்த்தம்?” என்று கேட்டேன்.

“சூட்டுல கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தமா இருக்கலாம். சூட்டுல வாயு விரிஞ்சு ஆறின முனைக்குப் போயிடும், குழாய் நடுவுல கம்மியாயிடும், அதுவும் ஒரு காரணம். இல்ல, கண்ணு களைச்சுப் போச்சுன்னும் இருக்கலாம்,” என்றார். “இவ்வளவுதான் நமக்குத் தெரியும்னு எழுதறேன்.”

பேராசிரியரின் பதில் ஆடி மாதம் வந்தது. முதல் கடிதம் வந்தபோது சந்தேகப்பட்டதாகவும், இரண்டாவது வந்த பிறகு நிம்மதியாகத் தூங்கியதாகவும் எழுதியிருந்தார். கண்ணாடியின் முறுக்கு அவர் ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு பேரை ஏமாற்றியிருக்கிறதாம். முடிவில் ஒரு வரி எனக்கு. அம்மையாரின் கண்களுக்கும், அதைவிட அவருடைய சந்தேகத்துக்கும் என் வணக்கம் என்று. கணவர் அதை உரக்க வாசித்தார். மாமியார் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “நானுந்தானே பாத்தேன்,” என்றார்.

அடுத்த வறண்ட பருவத்தில் இன்னும் நீளமான குழாயோடு செய்யலாம் என்று திட்டம் போட்டோம். அதற்குள் ஐரோப்பாவில் யுத்தம் வந்துவிட்டது. இரண்டு கடிதங்கள் அனுப்பினோம், பதில் இல்லை. பேராசிரியர் என்ன ஆனார் என்று கடைசி வரை தெரியவில்லை. சக்கரம் சுற்றியவர் பட்டணத்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சொல்லிக்கொள்ள வந்தபோது வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொன்னேன். மாமியார் தடுக்கவில்லை. அவர்தான், “பரவால்லம்மா, வண்டிக்கு நேரமாச்சு,” என்று நின்றபடியே மோர் குடித்துவிட்டுப் போனார்.

கணவருக்குப் பாகூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. சம்பளத்தைவிட, தினமும் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்கிற கட்டாயம் அவர் உடம்பைத் தேற்றியது. படிகக் கட்டைகளை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று பட்டணத்துக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். கொடுத்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வைகாசி வெயில். முன்னால் சாலை நீளத்துக்கும் தண்ணீர் தேங்கியதுபோலத் தெரிந்தது, அதில் பனைமரங்கள் தலைகீழாக ஆடின.

“அது கூட காத்து ஒளிய வளைக்கறதுதான்,” என்றார். “தரைக்கிட்ட சூடு அதிகம், மேல கம்மி.”

“தெரியும்,” என்றேன். “நீங்க கப்பல்லேந்து கொண்டாந்த புஸ்தகத்துல இருக்குது.”

“எப்போ படிச்சே?”

“நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ. ரெண்டாவது நாளு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறவில்லை. வண்டி அரும்பார்த்தபுரம் தாண்டுகிற வரை, அந்தப் புத்தகத்தில் எனக்குப் புரியாத பக்கங்கள் எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.